போல்ட் தீர்ந்துபோன மெயில்

எண்பதுகளின் கடைசியில் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தேன். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒயர் இழுத்து ஸ்டோர்ஸிலும் ஒரு திரை வைத்திருந்தார்கள். சரக்கு குறைந்தால் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசருக்குத் தானாக மெயில் போக வேண்டும். அதற்குத்தான் என் புரோகிராம்.

முதல் சோதனையிலேயே, "போல்ட் தீர்ந்துவிட்டது" என்ற மெயில் நிஜமாகவே அவருக்குப் போய்விட்டது. ரேக் ரேக்காகத் தேடிவிட்டு, வியர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, போல்ட்டு மூட்டை மூட்டையா கீது, தீந்துபோச்சுன்னு போட்டுகிற?"

வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் கையேட்டைப் புரட்டி, சோதனைக்கென்றே தனி மெயில் ஏற்பாடு ஒன்றைச் செய்தேன். யார் பெயருக்கு அனுப்பினாலும் அது என் பெட்டியில்தான் விழும். அவர் பெயருக்கு இருபது அனுப்பினேன்; இருபதும் என்னிடமே வந்தன. அப்போதும் நம்பிக்கை வராமல் ஸ்டோர்ஸுக்கு ஓடினேன்.

"அண்ணே, மெயில் ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வர்லியேம்மா."

நான் கைதட்டிக் குதித்தேன்.

"ஒண்ணும் வராததுக்கா இந்தக் குதி குதிக்கிற?" என்று கேட்டவர், விஷயம் புரியாமலே தானும் சிரித்து, எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.