சாம்பல் போட்டுத் தேய்த்த ஜாடி

தம்பானூரில் பஸ் ஏறி மலையாளத்தில் டிக்கெட் கேட்பேன். கண்டக்டர் தமிழில் பதில் சொல்வார். மூன்று வருஷமாக இதே கதை. வாயைத் திறந்ததும் பாண்டிக்காரன், அதாவது தமிழன், என்று தெரிந்துவிடுகிறது. அதை என்னிடம் காட்டிக்கொள்ளாமல் விடவும் மாட்டார்கள். பக்கத்து ஜனங்கள்தானே, பாஷையும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் என் வயிறு எரிகிறது. திருவனந்தபுரம் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் படிப்பது தொல்லியல். ரோமர் காலத்திலிருந்து நேற்றுவரை மனிதர்கள் உடைத்துப் போட்டதையெல்லாம் பொறுக்கி, அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும் படிப்பு. போன கோடையில் கடலோரக் கிராமம் ஒன்றில் குழி தோண்டினோம். மண் சுமந்தவர்கள் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்த பெண்கள். குழியின் மேல்மண்ணில் போன நூற்றாண்டின் வளையல் துண்டுகளும் பீங்கானும் கிடைத்தன. அடியில், ரோமாபுரியிலிருந்து ஒயின் வந்த ஜாடியின் ஓடுகள். ஒயின் கசியாமலிருக்க உட்புறம் பூசிய, தார் போன்ற கருப்புக் கீல் இன்னும் ஒட்டியிருந்தது. அந்தக் கீலைச் சோதனைக்கு அனுப்பி, அதை நம்பித்தான் ஆய்வேட்டை எழுதுவதாக இருந்தேன்.

அந்த ஓடுகளை வெறும் தண்ணீரில் அலச வேண்டும்; உட்புறத்தைத் தொடவே கூடாது. கூடப் படித்த மலையாளிகளுக்கு இதை இரண்டு தடவை சொன்னேன். மண் சுமந்த செல்லத்தாயிடம் நன்றாகக் கழுவி வைக்கும்படி மட்டும் சொல்லிவிட்டு, கூடப் படித்தவர்களோடு டீ குடிக்கப் போனேன். அவர்கள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்தால் ஓடுகள் சாக்கின்மேல் பளபளத்தன. பக்கத்தில் தேங்காய் நாரும் சாம்பலும் கிடந்தன.

"உள்ள பூரா அடிப்பிடிச்ச கரி, தம்பி. சாம்பல் போட்டுத் தேச்சு எடுத்துட்டேன்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

பேராசிரியர் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நின்டெ ஆளுகளல்லே இது செய்தது?" உன் ஆட்கள்தானே என்று கேட்டார்.

தப்பு என்னுடையது. சொன்னால் ஆய்வுக்கான இடம் போய்விடுமோ என்ற பயத்தில், "என்டெ ஆளுகளல்ல, ஸார்" என்றேன். நான் பிசிறில்லாமல் பேசிய மலையாளம் அது ஒன்றுதான். செல்லத்தாய் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அன்று மத்தியானமே அவளை நிறுத்திவிட்டார்கள். என்னை வளையலையும் பீங்கானையும் பற்றி எழுதச் சொன்னார்கள். டீக்கு மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

போன வாரம் தம்பானூரில் அவள் மூட்டையோடு நாகர்கோவில் பஸ்ஸுக்கு நின்றாள். "அக்கா, ஊருக்கா?" என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தாள். வேலையிடத்தில் பொறுக்கிய அரைகுறை மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள்: "எனிக்கு ஸாரினெ அறியில்ல."

அவள் பஸ் போய்விட்டது. பிறகு என் பஸ் வந்தது. கண்டக்டரிடம் தமிழும் இல்லாமல் மலையாளமும் இல்லாமல் இறங்கும் இடத்தின் பெயரை மட்டும் சொன்னேன்.