வீட்டில் விடவில்லை என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மழை நாளில், போடிமெட்டில் மாமனாரின் ஏலத்தோட்டத்தில் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. நான் ஹெலிகாப்டர் பைலட். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்க நாடு ஒன்றில், சுரங்க முகாம்களுக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோகும் வேலை. சம்பளம் இங்கே கிடைப்பதைப்போல நான்கு மடங்கு.

ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஹெலிகாப்டரின் பராமரிப்புப் பதிவேட்டை மூன்று முறை கேட்டும், "நேரில் வந்து பாருங்கள்" என்றே பதில் வந்தது. சண்டை நடக்கும் பகுதியில் பறந்தால் காப்பீடு கிடையாது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தது. முகாம்கள் இருந்ததே அந்தப் பகுதியில்தான். வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

ராணுவத்தில் எனக்கு இளையவரான, பக்கத்தில் தேவாரம் என்ற ஊர்க்காரர் ஒருவருக்கும் அதே அழைப்பு வந்திருந்தது. போனில், "ஏண்ணே வேணாம்னுட்டீக?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு உற்சாகம். பயந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"வீட்டுல விடமாட்டேங்குறாக, தம்பி" என்று சிரித்துச் சமாளித்தேன். அவரும் சிரித்தார்.

அவர் அந்த வேலைக்குப் போன ஐந்தாவது மாதம், அவர் ஓட்டிய ஹெலிகாப்டர் காட்டுக்குள் விழுந்தது. பறக்கும்போதே கியர்பாக்ஸ் உடைந்துவிட்டதாம். நான்கு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பெட்டி ஊர் வந்து சேரவே பதினெட்டு நாட்கள் ஆயின. அதைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் தேவாரம் போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உடைந்துவிட்டார்.

"மதினி உங்களத் தடுத்துட்டாகன்னு அவரு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாருண்ணே. எனக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சே. நாந்தேன் போகச் சொன்னேன்."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அவ தடுக்கல, தாயி. நாந்தேன் பயந்துபோய் வேணாம்னேன். அதச் சொல்ல வெக்கப்பட்டு அவ மேல பழியப் போட்டுட்டேன்." பதிவேடு, காப்பீடு எல்லாவற்றையும் சொன்னேன்.

அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "இத அன்னைக்கே அவருட்டச் சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார். வாசலோடு திரும்பி பஸ் ஏறினேன். அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போகும் தைரியம் எனக்கு வரவில்லை.

இப்போது வெளிநாட்டு வேலை பற்றி எந்த பைலட் விசாரித்தாலும், நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் என்னைக் கோழை என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டியவரிடம் நான் சிரித்து மழுப்பியது மட்டும் மாறப்போவதில்லை.