அருளின் மூக்கு

போன மாதம் நாவலூரில் ஆபீஸ் நண்பர் ஒருவரின் புது ஃபிளாட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டாவது மாடி. "சார், ஃபாரின் ஐட்டம், வேணாம்னு சொல்லக் கூடாது" என்று நுரை பொங்கும் கிளாஸ் ஒன்றைக் கையில் திணித்தார். மூக்கருகே கொண்டுபோனதும், சூட்டோடு எடுத்த பன்னின் வாசனை லேசாக வந்தது. அவ்வளவுதான். கிளாஸோடு பால்கனிக்குப் போய், துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒரு வாய் குடிப்பதற்குள் ஆளுக்கு ஏறிவிட்டது என்று உள்ளே சிரித்திருப்பார்கள்.

அந்த வாசனையை எனக்குப் புரியவைக்கப் படாதபாடு பட்டவன் அருள்.

கோவளம் பக்கம் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். விருந்தினருக்கு ஒயின் பரிமாறும் வேலை. நான் திருநீர்மலைக்காரன். அப்பா சனிக்கிழமை தவறாமல் மலையேறிப் பெருமாளைச் சேவிப்பவர். அவரிடம் "ரிசப்ஷன்ல இருக்கேன்" என்று சொல்லிவைத்திருந்தேன். சட்டையை மோந்து மூக்கைச் சுளிப்பார். ஃபினாயில் என்பேன். நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. அருளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. சேலையூர் கேம்ப் ரோடில் வீடு, அப்பா இல்லை, அம்மா ஸ்கூல் டீச்சர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் மகனுக்கு அவர் சொன்ன ஒரே புத்திமதி, "சிந்தாம ஊத்துடா" என்பது.

அருளின் மூக்கு சாதாரண மூக்கு இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால்கூட எந்தக் கடையைக் கடக்கிறோம் என்று சொல்லுவான். ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் பன் வெந்து வரும் நேரம் பார்த்து என்னை இழுத்துப்போய் நிறுத்துவான்.

"மோந்து பாரு மச்சான். நல்ல ஷாம்பெயின்ல இது வரும்."

"பன் வாசனை வருதுடா."

"அதேதான்!"

"பன்னுல பன் வாசனை வராம வேற என்ன வரும்?"

தலையில் அடித்துக்கொள்வான். எனக்கு எல்லா ஒயினும் இருமல் டானிக் மாதிரிதான் மணக்கும். ஒருமுறை பழக்கடையில் பச்சை ஆப்பிளை எடுத்து மாற்றி மாற்றி நாங்கள் மோந்ததைப் பார்த்து, "இன்னாப்பா, வாங்கப்போறியா, மோந்துகினே போவப்போறியா?" என்று கடைக்காரர் விரட்டிவிட்டார்.

அவன் ஏங்கியது ஒரே ஒரு ஒயினுக்குத்தான். ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையை மட்டும் வைத்து, ஒரே வருட அறுவடையில் செய்து, பாதாள அறையில் வருடக்கணக்கில் கிடத்திவைத்த நுரை ஒயின். விண்டேஜ் என்பார்கள். எங்கள் ஹோட்டலில் அதெல்லாம் ஏது? "ஒரு தடவை மோந்துட்டாப் போதும்டா" என்பான். மற்ற பையன்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போது வரும் குரல் அது.

அந்த மூக்கை நம்பித்தான் ஒரு சொகுசுக் கப்பலில் அவனை எடுத்துக்கொண்டார்கள். ஒயின் பிரிவுக்கே தலைமை ஏற்கும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அப்போது கொரோனா வந்தது. இங்கே டீச்சரம்மாவையும் நடுக்கடலில் அவனையும் ஒரே வாரத்தில் பிடித்தது. அம்மா போய்விட்டார். கப்பலை எந்தத் துறைமுகமும் சேர்க்காத நேரம். அடக்கத்தை அவன் போனில்தான் பார்த்தான். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

அவன் பிழைத்துக்கொண்டான். மூக்கு பிழைக்கவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டுக் கப்பலிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு மேலே இருந்த பிரெஞ்சுக்காரர், விடைகொடுக்கும்போது கண்கலங்கி ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்திருக்கிறார். அந்த ஒயின்தான்.

ஒரு ஞாயிறு மதியம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். பாட்டிலின் மேல் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த வருடம் அச்சடித்திருந்தது. எவர்சில்வர் குண்டானில் ஐஸ் போட்டுக் குளிரவைத்திருந்தான். கார்க்கைச் சத்தமே வராமல் கழற்றினான். இளம்பொன் நிறம், அடியிலிருந்து நூல் நூலாகக் குமிழிகள். பழக்கதோஷத்தில் கிளாஸைச் சாய்த்து மூக்கருகே கொண்டுபோனவன், அப்படியே கீழே வைத்தான்.

"புக்ல இருக்கறதைச் சொல்லாத. உனக்கு என்ன வருதோ அதைச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

மோந்தேன். இத்தனை வருடம் மூடிக்கிடந்த என் மூக்கு அன்றைக்கென்று திறந்துகொண்டது.

"எலுமிச்சைத் தோல்டா, நகத்தால கீறின மாதிரி. அப்புறம் பன்னு. உள்ள இருக்கறது இல்ல, மேல செவந்த தோல். நெய்யில வறுத்த முந்திரி..."

அவன் கண்ணை மூடிக்கொண்டு "ம்... ம்..." என்றான். ஒரு வாய் குடித்தேன். நாக்கில் பொடிப்பொடியாகக் குத்திவிட்டு வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. விழுங்கிய பிறகும், கடற்கரையில் உதட்டில் படியும் உப்பு மாதிரி ஒன்று வெகுநேரம் நின்றது. இவ்வளவு நாள் இவன் சொன்னது இதைத்தானா! எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லிக்கொண்டே போனேன். அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"கடைசியில ஒண்ணு வருது பாரு, சாக்பீஸ்! உங்கம்மா ஸ்கூல்லேர்ந்து வந்து ஹேண்ட்பேகைத் திறப்பாங்களே, அதே வாசனைடா!"

"போதும்டா."

உள்ளறைப் பக்கம் திரும்பிச் சொன்னான். "பீரோவுல அம்மா புடவை எல்லாம் அப்படியே இருக்கு. வந்த அன்னிக்கு எடுத்து முகத்துல வச்சுக்கிட்டேன். ஒண்ணுமே இல்லடா. கடையில புதுசா வாங்கின துணி மாதிரி இருக்கு."

அவன் கிளாஸில் நுரை அடங்கி, தொடாமலே இருந்தது. என் கிளாஸ் காலி. ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் என்னை எனக்கே பிடிப்பதில்லை.

அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அவன் எடுக்கவில்லை. நேரில் போனபோது வீட்டை விற்றுவிட்டான் என்றார்கள். எங்கே போனான் என்று பக்கத்து வீட்டிலும் தெரியவில்லை, சர்ச்சிலும் தெரியவில்லை. அந்த இடத்தில் இப்போது நான்கு மாடி நிற்கிறது. பேக்கரி மொபைல் கடையாகிவிட்டது. கோவளம் ஹோட்டலை மூடிவிட்டார்கள். நான் நாவலூரில் ஒரு கம்பெனி கேன்டீனைப் பார்த்துக்கொள்கிறேன். சாம்பார் அடிப்பிடிப்பது எனக்கு மாடியிலிருந்தே தெரிந்துவிடுகிறது. பையன்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.

அருளின் எண்ணுக்கு அடித்தால் இப்போது யாரோ ஒரு பெண் எடுக்கிறாள். இந்த எண்ணை அவள் புதிதாக வாங்கினாளாம். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது பாவம், கோபப்படவில்லை.

"யாரு சார் அவரு? திரும்பத் திரும்பக் கேக்கறீங்களே."

"ஃப்ரெண்டும்மா."

"ஃப்ரெண்டுன்னா உங்க நம்பர் அவர்கிட்ட இருக்குமில்ல சார்? அவரே கூப்பிடுவாரு."

ஆமாம்மா என்று வைத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் எண் மாறவே இல்லை.