அஷ்டமி ட்யூட்டி

சால்ட் லேக்கில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் துர்கா பூஜை வந்தால் ஒரு சம்பிரதாயம் உண்டு. எல்லோருக்கும் லீவு, எனக்கு ட்யூட்டி. எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது கிளம்பும் காமா கதிர்களை எங்கள் விண்வெளித் தொலைநோக்கி பிடிக்கும். வெடிப்பு சில நொடிகள்தான். வானத்தில் இன்ன இடம் என்று உடனே உலகத்துக்கு அறிவித்தால், தரையிலிருக்கும் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பி மிச்ச ஒளியைப் பார்க்கும். அதற்கு ஓர் ஆள் திரை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் தலைவரும் தமிழர்தான். மூன்று தலைமுறையாக லேக் மார்க்கெட் வாசம். வங்காளிகளைவிடப் பெரிய வங்காளி. அவர் குடியிருப்பின் பூஜைக் கமிட்டிக்கு அவரே செயலாளர். "உனக்கென்னம்மா பூஜை? கொலுவுக்கெல்லாமா லீவு?" என்று சிரித்துக்கொண்டே அட்டவணையில் என் பெயரை எழுதுவார்.

மூன்றாவது வருஷம் அஷ்டமியன்று ஒரு வெடிப்பு சிக்கியது. கருவிக்கு மேலே துளையிட்ட தகடு ஒன்று இருக்கிறது. கதிர் அதன் வழியே விழும் நிழலை வைத்துத்தான் திசையைக் கணக்கிடுவோம். சாப்பிடாமல் உட்கார்ந்து கணக்கிட்டேன். பந்தலிலிருந்து போன் செய்த தலைவர், இடத்தை மட்டும் அனுப்பினால் போதும், அறிவிப்பு எழுதுவதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அறிவிப்பில் ஐந்து பெயர்கள். அதில் இருவர் டார்ஜிலிங்கில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். என் பெயர் இல்லை.

என்னுடையது ஒப்பந்த வேலை. அதைப் புதுப்பிக்க உட்காருகிறவர்கள் எண்ணுவது இந்தப் பெயர்களைத்தான். தசமி முடிந்து இனிப்புக் கொடுக்க வந்தவரிடம் கேட்டேவிட்டேன். "டீம் வொர்க்மா. பேருல என்ன இருக்கு?" என்று என் கையில் ஒரு சந்தேஷை வைத்துவிட்டுப் போனார். நோகாமல் நுங்கு தின்கிற மனுஷன். சந்தேஷைக் குப்பையில் போட்டேன். ஒரு வருஷம் கறுவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த அஷ்டமி. நண்பகலில் திரையில் எண்ணிக்கை எகிறியது. பார்த்தேன்: தகட்டின் நிழலே விழவில்லை. வேண்டாத துகள்களைக் காட்டிக்கொடுக்கும் காவல் கருவியும் கூடவே எகிறியிருந்தது. நட்சத்திரமுமில்லை, ஒன்றுமில்லை; ஏதோ துகள் கூட்டம் மோதியிருக்கிறது. ட்யூட்டி பதிவேட்டில் அப்படியே எழுதினேன். ஆனால் கணினி நிரலுக்கு அந்த விவேகமெல்லாம் கிடையாது. கேட்டால் ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லும்.

தானியங்கிச் செய்தி பார்த்து அவர் போன் செய்தார். பின்னால் டாக் மேளம். "சார், இது வந்து…" என்று ஆரம்பித்தேன்.

"புஷ்பாஞ்சலி ஆரம்பிச்சாச்சும்மா. இடத்த மட்டும் அனுப்பு."

திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கேட்டது இடம், கொடுத்தேன் இடம். அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

பதிவேட்டைப் பார்க்காமலே அவர் அதை உலகத்துக்கு அறிவித்துவிட்டார். எத்தனையோ தொலைநோக்கிகள் வெற்று வானத்தைப் பார்த்தன. அவற்றின் முன்னால் கண்விழித்த யார்யாரோ பாவம். அந்த ஒன்று மட்டும் இன்றும் உறுத்துகிறது. மறுநாள் திருத்தம் வந்தது. தவறு பணியிலிருந்தவருடையது என்று, இனிஷியலோடு என் முழுப்பெயர். நல்லதுக்கு இல்லாத பெயர் கெட்டதுக்கு வந்துவிட்டது. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை, எழுதிய நேரம் தெரிய, அதே முகவரிகளுக்கெல்லாம் அனுப்பினேன். ஒரு வார்த்தை கூட எழுதவில்லை.

அறிவிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. பூஜை ட்யூட்டி முறைவைத்து எல்லோருக்கும் என்றானது.

இந்த வருஷ அஷ்டமி அவருக்கு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவர் குடியிருப்புப் பந்தலுக்கே போய்ப் புஷ்பாஞ்சலி செலுத்தினேன். அங்கே இருக்கும்போதுதான் செய்தி வந்தது. நிழல் அச்சாக விழுந்த, அசல் வெடிப்பு. இடத்தைச் சரியாகக் கணக்கிட்டு அனுப்பியிருந்தார். போனிலேயே அறிவிப்பை எழுதினேன். ஐந்து பெயர்கள். அவர் பெயர் இல்லை.

தசமி முடிந்ததும் சந்தேஷ் வாங்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அறிவிப்பு அவர் திரையில் திறந்திருந்தது.

"பேருல என்ன இருக்கு சார்?" என்று ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் என் எதிரிலேயே அதை முழுவதும் தின்று, நன்றாக இருக்கிறதம்மா என்றார். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.