சுண்ணாம்பு அடிக்காத வீடு

பூச்சி பிடிப்பதில் என்னை மிஞ்ச எங்கள் பிரிவில் ஆள் கிடையாது. தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிருஷ்ணகிரியில் இருந்த பூச்சி ஆய்வுப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். உள்ளே வலைத்துணி வைத்த ஒரு கண்ணாடிக் குழாய், அதிலிருந்து நீளும் ரப்பர் குழாய், அதன் மறுமுனை என் வாயில். இவ்வளவுதான் கருவி. மெதுவாக உறிஞ்சினால் ஈ தத்தித் தப்பிவிடும். வேகமாக உறிஞ்சினால் சிறகு பிய்ந்துவிடும். அந்த அளவு என் மூச்சுக்குத் தெரியும். ஆண்கள் பாதிப் பேர் பீடி பிடித்தே அந்த மூச்சைக் கெடுத்துக்கொண்டார்கள்.

நாங்கள் தேடியது மணல் ஈ. பெயரை நம்பி மணலில் தேடுகிறவன் ஏமாந்துபோவான். கொசுவைவிட மிகச் சிறியது. பகல் முழுக்க மண்சுவர் வெடிப்பில், மாடு கட்டும் இடத்து ஈரத்துக்குப் பக்கத்தில், இருட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும். காதருகே ரீங்காரம் கிடையாது, கடிபட்டவருக்கே பல சமயம் தெரியாது. சில ஈக்களின் உடம்பில் ஒரு வைரஸ் இருக்கும். அது சின்னப் பிள்ளைக்கு ஏறினால் காலையில் காய்ச்சல், மதியம் வலிப்பு, மறுநாள் பிள்ளை இருக்காது. எந்த ஈயில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

கெலவரப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நான்கு வயதுப் பையன் அப்படித்தான் போய்விட்டான். மாங்காய் முடிந்து முதல் மழை விழுந்திருந்த சமயம். ஈ இருக்கிறதா என்று பார்த்துவர எங்களை அனுப்பினார்கள். இருக்கிறது என்று எழுதினால் மருந்து தெளிக்கும் வண்டி மறுநாளே வரும். இல்லை என்று எழுதினால் இருந்த ஒரே வண்டியும் வேறு ஊருக்குப் போய்விடும். அந்த ஊரில் தவழும் பிள்ளை, நடை பழகும் பிள்ளை என்று வீட்டுக்கு ஒன்றாவது இருந்தது.

வினை மரியாதை ரூபத்தில் வந்தது. அதிகாரிகள் வருகிறார்கள் என்று தலையாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கியபோது ஊர் பொங்கலுக்குத் தயாரானது போல நின்றது. எல்லாச் சுவரிலும் புதுச் சுண்ணாம்பு. மாட்டுக்கொட்டகைகளில் வேப்பிலைப் புகை போட்டுக் கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். ஈ ஒட்டிக்கொள்வதற்காக விளக்கெண்ணெய் தடவிய காகிதங்களைத் தலையாரியிடம் கொடுத்து வீடுவீடாகத் தொங்கவிடச் சொல்லியிருந்தோம். வெள்ளையடிக்க இடைஞ்சல் என்று அவற்றையும் கழற்றி, மடித்து, பரணில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"கவர்மென்ட்டு பேப்பராச்சே, அழுக்காவக்கூடாதுல்ல?" என்றார் ஊர்ப் பெரியவர். எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எங்களோடு வந்திருந்த அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இல்லைன்னு எழுதிடலாம்மா. ஊரே பளிச்சுன்னு இருக்கு" என்றார்.

"சார், சுண்ணாம்பு காயறதுக்குள்ள வந்துட்டு ஈ இல்லைன்னா எப்படி? பத்து நாள்ல எல்லாம் திரும்பி வரும்."

"வரும்னு எழுத முடியாது. இருக்குன்னா புடிச்சுக் காட்டு."

ஒரே ஒரு வீடு பாக்கி இருந்தது, இறந்த பையனின் வீடு. "எழவு வீடு, தொந்தரவு பண்ண வேண்டாம்" என்றார் அதிகாரி. நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. அந்த வாசலைத் தாண்டி நடந்தோம்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "எங்க வூட்ட மட்டும் ஏன்க்கா வுட்டுட்டுப் போறீங்க? தீட்டுன்னா?"

பையனின் அம்மா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கணவன் ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குத் திரும்பியிருந்தான். திரும்பிப் பார்த்தேன். ஊரிலேயே அழுக்காக இருந்த சுவர் அவளுடையதுதான். துக்க வீட்டில் யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்? அவளுக்குக் கையும் ஓடியிருக்காது, மனமும் ஓடியிருக்காது. என் புத்திக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

ஒற்றை அறை. ஒரு மூலையில் கன்றுக்குட்டி, எதிர்ச் சுவரோரம் பாயில் ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. டார்ச்சை அடித்தேன். குழந்தையின் தலைக்கு ஒரு முழம் மேலே, வெடிப்பின் ஓரத்தில், சிறகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து. குழாயை வாயில் வைத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவள் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இத்தினூண்டுதானா?"

குழாயைத் திருப்பித் தந்துவிட்டுப் பாயைக் காட்டினாள்.

"பெரியவன் இந்தச் செவுத்தோரந்தான் படுப்பான். அவன் எடம் வெறிச்சுன்னு கெடந்துச்சு. பாக்க முடியாம சின்னவன அங்க போட்டேன்க்கா."

பிள்ளையை அங்கிருந்து எடுக்கச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே குனிந்து குழந்தையைப் பாயோடு சேர்த்து வாரி எடுத்துக்கொண்டாள்.

அந்த ஈக்களை ஐஸில் வைத்து வெளிமாநில ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வெகுநாள் கழித்து, அவற்றில் வைரஸ் எதுவும் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. அதனால் நான் கலங்கவில்லை. நாங்கள் பிடித்த ஐந்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஈக்களைப் பிடித்த மறுநாள் காலையே மருந்து வண்டி வந்தது. முதலில் அவள் வீட்டில் மருந்தடித்து முடித்தார்கள். அடுத்த வீடு ஊர்ப் பெரியவருடையது. அவர் கதவை அடைத்தாற்போல நின்றுகொண்டார்.

"நேத்துதான் வெள்ள அடிச்சோம். மருந்து பட்டா செவுரெல்லாம் கறையாயிடும். எங்க வூட்ல ஒன்னுமில்லன்னு நீங்களே பாத்தீங்களே! எழவு வூட்ல அடிச்சாச்சுல்ல, கெளம்புங்க."

நான் விளக்கினேன். பிறகு கத்தினேன். தமிழில் முடியாமல், அந்தப் பக்கத்தில் பலர் பேசும் தெலுங்கிலும் எனக்குத் தெரிந்த அரைகுறையில் கத்தினேன். அவருக்குப் பின்னால் மற்ற வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எங்களுக்காகத்தானே அடித்தார்கள் அந்த வெள்ளையை.

கூட்டம் விலகியது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அவர் வாசலில் நின்றாள். தீட்டு வீட்டுக்காரி என்பதால் படியில் கால் வைக்கவில்லை. அழவும் இல்லை.

"எங்க வூட்டுச் செவுரும் பொங்கலுக்கு இப்படித்தான் வெள்ளையா இருந்துச்சு மாமா" என்றாள்.

பெரியவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தார். பிறகு உள்ளே போய், மருந்து படாமலிருக்க அடுப்படிப் பாத்திரங்களைத் தானே தூக்கி வெளியே வைக்கத் தொடங்கினார். அதற்குள் அவள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் நின்றிருந்தாள்.