ஒரு சக்கரம் வெளியே

லாரிக்காரர்கள் வைத்த பெயர்தான் தராசு. பெற்றவர்கள் வைத்த பெயர் மனைவிக்கே மறந்துபோகும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. உழைத்த காலமெல்லாம் எடை மேடையை ஒட்டிய அறையில் உட்கார்ந்து, வருகிற போகிற லாரிகளை நிறுத்துப் பார்த்த மனிதர். அவரிடம் யாருடைய பருப்பும் வேகாது. எடையைக் குறைத்துக் காட்டப் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல ஆகாயத்தைப் பார்க்கிற டிரைவரை ஜன்னல் வழியாகவே பிடித்துவிடுவார். "சக்கரம் வெளிய நிக்குது! முன்னாடி எடு!" என்று அவர் போடுகிற சத்தத்தில் லோடே குலுங்கும்.

அப்பேர்ப்பட்டவரை இப்போது ஒரு சின்னக் கண்ணாடி எடை மிஷின் நிறுத்துக்கொண்டிருந்தது. இதயம் பலவீனம், ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல் உடம்பில் நீர் சேர்கிறது. ஆஸ்பத்திரியில் மிஷினைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் ஏறி நின்றால் போதும், எடை தானாகவே ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குப் போய்விடும். திடீரென்று கூடினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம். உடனே போன் வரும்.

அந்தப் போனுக்குத்தான் அவர் பயந்தார். போன முறை வார்டில் கிடந்தபோது மனைவி கட்டிலோரம் இரும்பு நாற்காலியிலேயே தூங்கி எழுந்தாள். வீடு திரும்பியும் அவள் இடுப்பு நிமிரவில்லை. இனி அவளை அதில் உட்காரவைப்பதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். பாசம் வந்தால் மனிதனுக்கு மூளை வேலை செய்யாது போலிருக்கிறது!

எடை ஏறத் தொடங்கிய காலையில், பக்கத்து அலமாரி விளிம்பில் லேசாகக் கையை ஊன்றினார். எண் இறங்கியது. மறுநாள் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். போன் வரவேயில்லை.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே கண்ணயர்வார். அந்த மயக்கத்தில் எடை மேடை வரும். எங்கும் பனி. தண்ணீர் லாரிகள் சத்தமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வரும். எதிலும் டிரைவர் இல்லை. மேடை படகு மாதிரி ஆடும். நிறுத்தச் சொல்ல வாயெடுப்பார், குரல் வராது. அதில் பயம் இல்லை, அதுதான் வேடிக்கை. இப்படியே மிதந்து போய்விடலாம் போல அவ்வளவு சுகமாக இருந்தது.

அப்படியொரு மிதப்பில்தான் அன்று காலையும் மிஷினில் ஏறினார். அவர் பாதம் வீங்கிச் செருப்பு நுழையாததைப் பார்த்துவிட்டு, அதைக் கேட்கத்தான் மனைவி பின்னாலேயே வந்தாள். அலமாரியில் கை ஊன்றியிருந்தது கண்ணில் பட்டது. எத்தனை மதியம் அந்த எடை மேடைக்குச் சாப்பாடு கொண்டு போனவள்!

"சக்கரம் வெளிய நிக்குது! முன்னாடி எடு!"

தராசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தானாக விலகியது. எண் ஏறியது, ஏறியது, நிற்கிற வழியாக இல்லை.

"உன் இடுப்பு… அந்த நாற்காலி…" என்று மென்று விழுங்கினார்.

"அடப்பாவி மனுஷா! என் இடுப்புக்குத் தைலம் இருக்குங்க. நீங்க இல்லாத வீட்ல மெத்தையில படுத்து நான் என்ன பண்ணப்போறேன்?" அவளுக்கு அழுகை பீறிட்டது. அவரும் அழுதார்.

போன் அடித்தது. "என்னங்கய்யா, ஒரே நாள்ல இவ்வளவு ஏறியிருக்கு?" என்றாள் நர்ஸம்மா.

அவர் உண்மையைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து வீட்லயே சரிபண்ணியிருக்கலாம். இப்போ வந்தே ஆகணும்ய்யா. உடனே கிளம்புங்க."

எதைத் தவிர்க்கப் பார்த்தாரோ அதையே இழுத்துவைத்துக்கொண்டார். அவர் தலையைக் குனிந்து நிற்க, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய தலையணை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கினாள். நாற்காலிக்காம்.

நீர் வடிந்து வீடு திரும்பிய மறுநாள் காலை, இரண்டு கையையும் பிடிபட்ட திருடன் மாதிரி மேலே தூக்கிக்கொண்டு மிஷினில் ஏறினார். அவள் குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

"எடை சரியா இருக்கு," என்றாள்.

"அப்போ வண்டி போலாமா?" என்றார், லாரி டிரைவர்கள் அவரிடம் கேட்கிற மாதிரியே.

"எங்கயும் போக வேணாம்," என்று அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.