கப்பக்கார வூட்டுப் பெயர்ப் பட்டியல்

காலை 7.10. புதுச்சேரியில் பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சி நூற்றுப் பத்து கிலோமீட்டர். கடலே எட்டிப் பார்க்காத அந்த ஊரில் ஒரு குடும்பத்தைக் 'கப்பக்கார வூடு', அதாவது கப்பல்காரர் வீடு, என்று கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. எதையும் சட்டென்று நம்புகிற ஆள் நான் இல்லை.

பையில் அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மாள் அனுப்பிய கடிதமும் வம்ச அட்டவணையும் இருந்தன. அவருடைய மூதாதை, அமெரிக்கா ஆங்கிலேயரின் காலனியாக இருந்தபோது பிறந்த கப்பல் கேப்டன். தானே சரக்கு வாங்கி விற்ற வியாபாரியும்கூட. நீலத் துணி வாங்கப் புதுச்சேரிக்கு வந்தவர், இங்கே ஒரு பெண்குழந்தையை விட்டுப் போனாராம். அந்தப் பெண்ணின் வழிவந்தவர்கள் யார் என்று தேடி எழுத, மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் என்னைப் பிடித்திருந்தார்.

உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நின்று, 10.50க்குக் கள்ளக்குறிச்சி சேர்ந்தோம்.

கப்பக்கார வூட்டு ஜமால் பாய்க்குக் கடைவீதியில் பாத்திரக் கடை. டீ வரவழைத்து, "எங்க முப்பாட்டனுக்கும் முன்னாடி ஒரு வெள்ளக்காரருங்க. கப்பல் வச்சினு இருந்தாராம். ஜாஸ்தி தெரியாது" என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். நான் நோட்டை எடுத்து, கூடப்பிறந்தவர்கள் பெயரைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"பேரெல்லாம் இன்னாத்துக்கு சார்? வாரிசு சர்டிபிகேட்டா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் வம்சாவளியை ஒருவர் எழுத உட்கார்ந்தால், சொத்து பிரிக்கப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

"நானு, என் தம்பி. அவ்ளோதான்" என்றார்.

"மும்தாஜ வுட்டுட்டீங்களே! வெள்ளிமலைல இருக்குதே" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. பாய் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார். தங்கச்சியையே மறைப்பவர் சொல்கிற கப்பல் கதையை எப்படி நம்புவது?

12.20. வெள்ளிமலை பஸ், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். கச்சிராயபாளையம் வரை கரும்பு, பிறகு வளைவுக்கு வளைவு ஹாரன். "இன்னா சார், சர்வேயரா?" என்று என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் இளகினார். மலைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டதால் மும்தாஜை அண்ணன் ஒதுக்கிவிட்டார் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

2.45. மும்தாஜ் வாசலில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணன் அனுப்பிச்சாரா? விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேட்டுக்கினு வர்ற மூணாவது ஆளு நீங்க. போட மாட்டேன் சார். பங்கு வேணாம். ஆனா அந்த வூட்டுல நான் பொறக்கலன்னு நானே எழுதிக் குடுக்க மாட்டேன்."

நான் அட்டவணையை விரித்து, யார் அனுப்பியது என்று விளக்கினேன். கேப்டன் பெயர், மூன்று மகன்கள் பெயர். ஓரத்தில் ஒரு கட்டம்: 'மகள், பெயர் தெரியவில்லை'.

"கப்பலு பேரு?"

"அது இருக்கும்மா." படித்துக் காட்டினேன்.

மிஷினை நிறுத்திவிட்டார். "கப்பலு பேரு எழுதி வச்சிக்கினு, பெத்த பொண்ணு பேர வுட்டுட்டாரா?"

அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு, "உங்க நோட்டுல கூடப்பொறந்தவங்க மூணு பேருன்னு எழுதுங்க. இதுக்கு நான் கையெழுத்து போடறேன்" என்றார்.

எழுதினேன். அப்பாவின் இனிஷியலோடு நிறுத்தி நிதானமாகப் போட்டார்.

4.15 பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கினேன். இவர்கள் கேப்டனின் வழி என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அப்படியேதான் அமெரிக்காவுக்கு எழுதப் போகிறேன். காலையிலிருந்து பாயைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. அவர் நல்லவர் என்று தெரிந்துவிட்டதால் அல்ல. எங்கள் அப்பா இறந்தபோது தாலுகா ஆபீசில் வாரிசுப் பட்டியலை எழுதிக் கொடுத்தவன் நான். நானும் தம்பியும் என்று எழுதினேன். திண்டிவனத்தில் இருக்கும் அக்காவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.